ஐ.சி. இல்லாத கேப்டன்

மாதவிக்குப் பதினேழு வயது. மலேசியாவில் பன்னிரண்டு வயதானால் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அடையாள அட்டை, ஐ.சி., அவளிடம் இல்லை. காரணத்தைக் கேட்டால் வயிறுதான் எரியும். அப்பா ஜீவன் போர்ட் கிள்ளானில் பிறந்து, அங்கேயே லோரி ஓட்டியவர். அம்மா இராஜம்மா தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். கோயிலில் தாலி கட்டி நானூறு பேருக்குச் சோறு போட்டார்கள். ஊரே பார்த்த கல்யாணத்துக்குக் காகிதம் எதற்கு என்று பதிவு செய்யாமல் விட்டார்கள். பதியாத கல்யாணத்தில் வெளிநாட்டுக்காரிக்குப் பிறந்த பிள்ளை குடிமகள் இல்லை என்று பிறப்புப் பத்திரத்தில் எழுதியாகிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருடம். சாப்பிட்ட நானூறு பேரில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லாம் இவள் தலையில் விடிந்தது.

பள்ளியில் எந்த விண்ணப்பப் பாரம் கொடுத்தாலும் அவளுக்கு ஐ.சி. எண் கட்டம் காலியாகவே இருக்கும். "எந்த நாட்டுல இருந்து வந்த?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் பேச்சை நிறுத்தினாள். பிறகு பள்ளியையே நிறுத்தினாள்.

கைப்பேசி விளையாட்டில்தான் யாரும் அவளிடம் ஐ.சி. கேட்கவில்லை. அங்கே சுடத் தெரிந்தால் போதும், மற்றவர்களுக்கு வழி சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது. செந்தூலில் இருக்கும் நுஸைபா, ரவாங்கில் இருக்கும் தனேஷ், அவன் கூட்டாளி குரு ஆகிய மூவரோடும் சேர்ந்து நால்வர் அணி ஒன்று அமைந்தது. வாயே திறக்காத பெண், காதில் ஹெட்செட்டை மாட்டியதும் வேறு ஆளாகிவிடுவாள்.

"தனேஷ், பின்னால வா! நுஸைபா, அந்த வீட்டுக்குள்ள போகாத, செத்துருவ!"

"கேப்டன் சொன்னா கேளுங்க லா!" என்று நுஸைபா மற்ற இருவரையும் விரட்டுவாள்.

ஆட்டம் முடிந்தும் மாதவியும் நுஸைபாவும் பேசிக்கொண்டே இருப்பார்கள். நுஸைபாவுடைய வாப்பாவின் துணிக்கடை, அரைகுறையாக வெந்த முட்டை, ஒன்றுமில்லாத பேச்செல்லாம் ஓடும். ஒருநாள் நுஸைபா, "எனக்கு ஃபிரெண்டுன்னா நீ ஒருத்திதான்" என்றாள். மாதவி குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குப் பழக்கமில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் நடக்கும் இறுதிப் போட்டிக்கு அணி தேர்வானது. பெயரும் ஐ.சி. எண்ணும் கேட்டுப் பாரம் வந்தது. அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். சொன்னால் இவர்களும் சிரித்துவிட்டால்? சித்தப்பா மகள் மலரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவள் அட்டையை வாங்கினாள். "வீட்ல மாதவின்னு கூப்பிடுவாங்க. ஐ.சி.ல மலர்" என்று ஒரு பொய்யையும் சொல்லிவைத்தாள்.

மண்டப வாசலில் நுஸைபா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். "என்ன கேப்டன், இவ்ளோ குள்ளமா இருக்க!"

மேசையில் விரல் ரேகை பார்க்கும் கருவி இருந்தது. மாதவி மலரின் அட்டையை நீட்டினாள். கட்டைவிரலை வைத்தாள். ஒத்துப்போகவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அட்டையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார் ஏற்பாட்டாளர்.

"இது உன் கார்டு இல்ல. உன் ஐ.சி. எங்க?"

"எனக்கு ஐ.சி. இல்ல, அங்கிள்."

அவர் மற்ற மூவரிடமும் திரும்பினார். "ரிசர்வ் ஆளு ஒருத்தர் இருக்காரு, நீங்க விளையாடலாம். ஆனா இந்தப் பொண்ணு யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லன்னா மொத்த டீமும் அவுட்."

"முடியாது அங்கிள். இவ என் ஃபிரெண்டு" என்றாள் நுஸைபா. அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது மாதவிக்கு. விளையாட்டில் பேசும் அதே குரலில் சொன்னாள்: "போடு லா, நேரம் போகுது. கேப்டன் ஆர்டர்."

மூவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மாதவி வெளியே போய், எதிர்க்கடை ஓரத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கோப்பை வராவிட்டால் போகிறது. நுஸைபா வெளியே வந்து ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெயித்துவிட்டார்கள். கோப்பையோடு படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மாதவி எழுந்து கை தட்டினாள். "நுஸைபா!" என்று கூப்பிட்டாள்.

ஏற்பாட்டாளர் திரும்பிப் பார்த்தார். "அந்தப் பொண்ணு இன்னுமா நிக்குது? உங்களுக்குப் பழக்கமா?"

நுஸைபா மாதவியைப் பார்த்தாள். கையிலிருந்த கோப்பையைப் பார்த்தாள்.

"இல்ல அங்கிள். யாருன்னே தெரியாது."

இந்த முறை மாதவி எந்த ஆர்டரும் போட்டிருக்கவில்லை.