கல்லூரிக்கு உள்ளேதான்

பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். பாதுகாப்பு விழிப்புணர்வுக் கூட்டமாம். மருமகனுக்குச் சாயப்பட்டறையில் வேலை, மகள் சித்ரகலாவுக்குக் கம்பெனியில் லீவு தரமாட்டார்கள். வீட்டில் சும்மா கிடப்பவன் நான்தான். வேட்டியை மாற்றிக்கொண்டு பல்லடம் ரோட்டுக் கல்லூரிக்குப் போனேன். பேத்தி தமிழ்மதி அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

மேடையில் ஒரு பெண் இன்ஸ்பெக்டர் பேசினார். "அடிக்கறது யாரா இருந்தாலும் பயப்படாம சொல்லுங்க. உங்க பேரு வெளிய வராது. உடனே கேஸ் போடுவோம்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் தறி மோட்டார் களவு போனபோது ஸ்டேஷன் வாசலை மிதித்தவன் நான். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். ஒருத்தர்மேலும் இல்லை என்றேன். அதற்குப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூட்டிப்போய்ப் பாதம் வீங்க அடித்தார்கள். மோட்டார் வரவில்லை. அவனும் என்னோடு பேச்சை விட்டுவிட்டான்.

தமிழ்மதி எழுந்து நின்றாள்.

"மேடம், அடிக்கறது சொந்தக்காரனா இருந்தா?"

பின்னாலிருந்து ஒரு பயல், "ஏம்புள்ள, மாமன் மவனா?" என்றான். ஒரே சிரிப்பு. பிரின்சிபால் மைக்கை வாங்கினார். "குடும்பப் பிரச்சினைக்குத் தனியா கவுன்சிலிங் ரூம் இருக்கும்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். யாரைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். முகிலன். என் மகன் முருகேஷின் பையன். பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறான். தமிழ்மதிக்கு அவன் முறைப் பையன். அவள் பெரியவளானபோது முருகேஷ் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். அன்றைக்கே பையன் அவளைத் தன் உடைமை என்று முடிவு செய்துவிட்டான். போன மாசம் பஸ் ஸ்டாப்பில் வைத்து அவள் கையை முறுக்கினான். முழங்கை வீங்கி வீடு வந்தாள். கட்டிக்கப் போறவன், ஏதோ ஆசையில் பண்ணிப்போட்டான் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள். அவனைக் கட்டமாட்டேன் என்று அவள் சொன்னதை யாரும் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கூட்டம் முடிந்து டீயும் பன்னும் கொடுத்தார்கள். தமிழ்மதி கை கழுவத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். அந்த நேரத்தில்தான் முகிலன் வாசலுக்கு வந்திருக்கிறான். வெளி ஆளை உள்ளே விடக்கூடாதென்று வாட்ச்மேன் ராக்கையாவுக்கு உத்தரவு. காலையில் பார்சல் கொண்டுவந்த வடநாட்டுப் பையனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான், நானே பார்த்தேன். முகிலன், "தமிழ்மதியோட மாமன் பையனுங்க, கட்டிக்கப் போறவன்" என்றானாம். மாப்பிள்ளை எப்படி வெளி ஆளாவான்? ராக்கையா கேட்டைத் திறந்துவிட்டான். அவள் நிற்கிற இடத்தைக் கைகாட்டியும் அனுப்பியிருக்கிறான்.

பன்னைக் கடித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது.

முகிலன் அவள் ஜடையைக் கையில் சுற்றி, முகத்தைத் தொட்டிச் சுவரில் மோதிக்கொண்டிருந்தான். பல் சிமெண்டில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. மறு கையில் துணி வெட்டுகிற பெரிய கத்தரி.

"போன எடுக்க மாட்டயா? எங்கப்பன் சீர் செஞ்சது எதுக்கு? சொல்லு புள்ள, கட்டிக்கறேன்னு சொல்லு!"

அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். அவன் கத்தரியை வீசினான். காது பாதி அறுந்து தொங்கியது. கழுத்து, துப்பட்டா எல்லாம் ரத்தம். பிள்ளைகள் வட்டமாக நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். ஒருத்தன் கிட்டே வரவில்லை.

இரும்பு மடக்கு நாற்காலி ஒன்று கிடந்தது. தூக்கி, கத்தரி பிடித்த கைமேல் போட்டேன். எலும்பு முறிந்தது. "அப்பாரு!" என்று தாத்தன் என்னைக் கூப்பிட்டுக் கத்தினான். மறுபடி முதுகில் போட்டேன். குப்புற விழுந்தான். அடுத்த அடி தலைக்குத்தான் ஓங்கினேன். ராக்கையா ஓடிவந்து என்னைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டான்.

தமிழ்மதியை ஆம்புலன்சில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிளந்த உதட்டோடு, "இந்தவாட்டியும் பேசி முடிச்சுராதீங்க அப்புச்சி" என்றாள்.

முகிலனை வேறு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பேசி முடிக்கத்தான் என்னைப் பிரின்சிபால் அறையில் உட்கார வைத்தார்கள். அதற்குள் பிள்ளைகளின் வீடியோவையெல்லாம் மிரட்டி அழிக்க வைத்திருந்தார்கள். முருகேஷும் வந்துவிட்டான்.

"ரெண்டு பக்கமும் ஒரே குடும்பம்தானுங்களே" என்றார் பிரின்சிபால். "கேட்டுக்கு வெளிய, ரோட்டுல நடந்ததா வெச்சுக்கலாங்க. காலேஜ் பேரு கெடக்கூடாது பாருங்க."

மேடையில் முழங்கிய இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "கேஸ் போட்டா, பையன் கைய ஒடச்சதுக்கு உங்க மேலயும் போடணும் பெரியவரே. யோசிச்சுக்கோங்க."

"போடுங்க."

முருகேஷ் பல்லைக் கடித்தான். "அப்பா, வாய மூடு. தை மாசம் கண்ணாலத்த முடிச்சுப்போடலாம். தங்கச்சிகிட்டப் பேசிட்டேன், அவளும் செரின்னுட்டா."

"காதறுந்து கெடக்கறவளுக்கா?"

"தெச்சா ஒட்டிக்கும்."

"அப்ப உம்பட காதக் கொண்டா. அறுத்துத் தெச்சுப் பாக்கலாம்."

"நீ சாட்சி சொன்னீன்னா, செத்தாலும் கொள்ளி வெக்க வரமாட்டேன்."

"மின் மயானம் இருக்குதுடா. பட்டன அமுக்க எவனாச்சும் வருவான்."

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆனால் எழுதவில்லை. சன்னல் வழியாகப் பார்த்தேன். ராக்கையா ஹோஸ் பைப்பை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். வீடியோ போயிற்று. அந்த ரத்தமும் போய்விட்டால் எல்லாம் ரோட்டில் நடந்ததாகிவிடும். பேத்தியைக் கையைப் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

ஓடினேன். போவதற்குள் பாதி இடத்தைக் கழுவிவிட்டான்.

"பைப்பைக் கீழ போடு."

"மேல சொன்னாங்க சாமி. நான் என்னங்க பண்றது?"

பிடுங்கினேன். விடவில்லை. பைப்பின் பித்தளை நுனியால் அவன் விரல்மேல் ஓங்கி ஒன்று வைத்தேன். விட்டான். மீதி ரத்தமும், அறுந்த மயிரும், கத்தரியும் கிடந்த இடத்தை மறைத்துக் கால் பரப்பி நின்றுகொண்டேன்.

முருகேஷ் பின்னாலேயே வந்தான். "வெலகு" என்றான். "மாட்டேன்" என்றேன். கன்னத்தில் அறைந்தான். பெற்ற மகன். கண்ணாடி தெறித்தது. நகரவில்லை. நெஞ்சில் உதைத்தான். உட்கார்ந்துவிட்டேன். மூக்கிலிருந்து ஒழுகியது.

"அய்யோ, பெரியவர அடிக்கறாங்க!" என்று ஒரு பெண்பிள்ளை மாடியிலிருந்து கத்தினாள். மூன்று மாடி வராந்தாவிலும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் போனைத் தூக்கினார்கள். இன்ஸ்பெக்டர் வந்து முருகேஷின் காலரைப் பிடித்து இழுத்தார். அந்தப் போன்களை அண்ணாந்து பார்த்தார். அதற்கப்புறம்தான் பேனா வெளியே வந்தது. என்மேல் வந்த இரக்கம் என்று நான் நினைக்கவில்லை.

"அடிச்சது யாருங்க?"

"முகிலன். இவன் பெத்தது. எம்பட பேரன். என்னை ஒதச்சது இவன். அவன் கைய ஒடச்சது நான். எல்லாத்தையும் எழுதுங்க."

"எந்திரிங்க, உள்ள போயி எழுதலாம்."

"இங்கயே எழுதுங்க. மொதல்ல இத போட்டோ எடுங்க."

எடுத்தார். கான்ஸ்டபிள் கத்தரியைப் பையில் போட்டார். முருகேஷ் என் பக்கம் திரும்பாமல் வெளியே போனான். எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னேன். 'கல்லூரி அருகே' என்று படித்தார்.

"உள்ளே" என்றேன்.

என்னையும் மாடியையும் பார்த்தார். அடித்துத் திருத்தினார். மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.