இரண்டு விரல் புல்

இப்போதெல்லாம் ஜனங்கள் ஆட்டம் பார்க்க வருகிறார்கள், ஆட்டத்தைத்தான் பார்ப்பதில்லை. சீட்டுக்குக் காசைக் கொட்டி உள்ளே வந்து, வாழைக்காய் வறுவலை மடியில் வைத்துக்கொண்டு, கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பக்கத்தில் கூச்சல் எழுந்தால்தான் நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று அடுத்தவனைக் கேட்கிறார்கள். அடுத்தவனும் கண்ணெதிரே ஓடிய பந்தைக் கைபேசியில் தேடித்தான் சொல்கிறான். மேளக்காரன்கூட ஒரு கையால் அடிக்கிறான், மறு கையில் கைபேசி. இந்தக் கூட்டத்துக்கு எதற்கு மைதானம், எதற்குப் புல், வீட்டிலேயே கிடந்திருக்கலாமே என்று அன்செல்மோ செவெரினோ முணுமுணுக்காத நாள் கிடையாது.

வில்லா செரேனாவின் பேஸ்பால் மைதானத்தை முப்பத்தெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எழுபத்தொரு வயது. மூன்றாம் வகுப்போடு சர்க்கரை ஆலைக்குப் போனவர். அங்கே கரும்பு வண்டியை நிறுத்தி எடை போட்டால் முள் ஒன்றைக் காட்டும், எழுத்தர் வேறொன்றை எழுதுவார். அதைப் பார்த்தே வளர்ந்ததால் காகிதத்தில் ஏறிய எந்த எண்ணையும் அவர் நம்புவதில்லை. மண்ணை நம்புவார். ஆட்டத்தின் இடைவேளையில் நீள வாரியோடு போய் மண்ணை நிரவும்போது, காலடித் தடத்தைப் பார்த்தே யார் பயந்தான், யார் சோம்பினான் என்று சொல்லிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவரைக் கொதிக்கவைத்தது கைபேசி அல்ல, ஓர் அளவுகோல். உள்ளூர் அணியான கன்யேரோஸின் நிர்வாகத் தலைவர் பொலாங்கோ இஸ்திரிச் சட்டையோடு மைதானத்துக்குள் இறங்கி வந்தார். கூடவே தாமரிஸ். யார் எவ்வளவு அடித்தான், பிடித்தான் என்ற கணக்கைப் பார்க்கத் தலைநகரிலிருந்து வந்திருக்கும் பெண், முப்பது வயதுகூட இருக்காது. அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளை வைத்திருப்பது போன்ற ஓர் அளவுகோலை எடுத்து, பேஸ்களுக்கு நடுவே இருக்கும் உள்வட்டப் புல்லுக்குள் செருகினாள்.

"மத்த மைதானத்தவிட ரெண்டு விரல் உசரம்," என்றாள்.

"மழை," என்றார் அன்செல்மோ.

"பதினோரு வருஷமாவா பெரியவரே?"

பொலாங்கோ சிரித்தார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். ராதமேஸ் பெகேரோவின் ஒப்பந்தம் இந்த சீசனோடு முடிகிறது. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே ஷார்ட்ஸ்டாப்பாகப் பதினோரு வருஷம் நின்றவன். வயது முப்பத்தைந்து. மாதம் மூன்று லட்சம் பெசோ வாங்குகிறான். மட்டையைப் பிடித்தால் பத்தில் இரண்டு தடவை உருப்படியாக அடிப்பான், மீதி எட்டும் வீண். அந்தச் சம்பளத்துக்கு நன்றாக அடிக்கிற பையன்கள் இரண்டு பேரை வாங்கிவிடலாம். ஆனாலும் அவன் அடிக்காமல் விடுகிற ஓட்டங்களைவிட, எதிராளியின் பந்தைப் பிடித்து மிச்சப்படுத்துகிற ஓட்டங்கள் அதிகம் என்று இதுவரை தாமரிஸின் கணக்கு சொல்லிவந்தது. இப்போது அவளுக்கு ஒரு சந்தேகம். இந்த மைதானத்தில் எல்லோருடைய தரைப்பந்தும் மெதுவாகவே வருகிறது. எதிரணி ஷார்ட்ஸ்டாப்கள்கூட இங்கே வந்தால் கெட்டிக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். அப்படியானால் பெருமை ராதமேஸின் காலுக்கா, புல்லுக்கா?

"அப்போ புல்லுக்குத்தான் நான் சம்பளம் குடுக்கணும்," என்றார் பொலாங்கோ. "இந்தப் புல்லுல எங்க மாமியாரை நிறுத்தினாக்கூட நாலு பந்து புடிப்பா. திங்கக்கிழமை முடிவு பண்ணிடலாம்."

அன்செல்மோ வாயைத் திறக்கவில்லை. திறந்தால் உண்மை வந்துவிடும். அந்தப் புல் தானாக வளர்ந்ததல்ல.

ராதமேஸ் முதன்முதலாக வந்த வருஷம் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. தெற்கேயிருந்து காற்று வீசினால் மைதானமே வெல்லப்பாகு மணக்கும். வெயில் பக்கத்துப் படிகளில் ஆலைக் கிழவர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே காதில் வானொலியையும் வைத்திருப்பார்கள். தெரிந்துகொள்வதற்காக அல்ல, வானொலிக்காரன் தப்பாகச் சொன்னால் திட்டுவதற்காக. அன்றைக்கு ஆறாவது இன்னிங்ஸில் ஒரு தரைப்பந்து கல்லில் பட்டு எகிறி, கரும்புத் தோட்டக் குடியிருப்பிலிருந்து வந்த அந்தப் புதுப் பையனின் வாயில் விழுந்தது. பல் இரண்டு போயிற்று. அவன் ரத்தத்தைத் துப்பினான், பந்தை எடுத்தான், முதல் பேஸுக்கு எறிந்தான். ஓடியவன் அவுட். படி முழுக்க எழுந்து நின்றது. ஒரு கிழவர் தன் வானொலியை அணைத்தே விட்டார்.

இடைவேளையில் அன்செல்மோ வாரியோடு போனார், திட்டு வாங்கத் தயாராக. பந்தைத் தவறவிட்ட எவனும் முதலில் செய்வது மண்ணை உதைப்பதுதான். பத்தாயிரம் பேர் பார்க்கும்படி குனிந்து நிலத்தை முறைப்பார்கள். இவன் துணியை வாயில் அமுக்கிக்கொண்டு சொன்னான்: "உங்க மண்ணு மேல தப்பில்ல பெரியவரே. நான்தான் தலையத் தூக்கிட்டேன்."

அப்போது வாரியின் பல்லில் அந்தக் கல் மாட்டியது. பட்டாணி அளவு. தப்பு மண்ணுடையதுதான், அதாவது அன்செல்மோவுடையது. அவர் கல்லை அவனுக்குக் காட்டாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை புல்வெட்டும் எந்திரத்தின் கத்தியை இரண்டு விரல் உயர்த்தினார். பந்து புல்லைத் தாண்டுவதற்குள் அதன் கோபம் கொஞ்சம் தணியட்டும் என்று. செத்துப்போன மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அப்புறம் பதினோரு வருஷம். மட்டையில் பந்து படுவதற்கு முன்பே ராதமேஸின் இடது பாதம் திரும்பிவிடும். முதல் இரண்டு எட்டு அவனைப் போல யாரும் வைக்க முடியாது. அதற்குமேல் ஓடச் சொன்னால் மாட்டுவண்டி, அது வேறு விஷயம். பந்து வருகிற சத்தம் இவனுக்கு முன்கூட்டியே கேட்கிறது என்பார்கள் கிழவர்கள். பிறகு ஆலை மூடிற்று. கிழவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். இப்போது தெற்கேயிருந்து வெறும் காற்றுதான் வருகிறது. அந்தக் காலத்திலிருந்து மிச்சம் இருப்பது ராதமேஸும் இந்தப் புல்லும்தான். அந்தப் புல்லே அவனை வெளியே தள்ளப் பார்க்கிறது.

சனிக்கிழமை முழுக்க அன்செல்மோவுக்குச் சோறும் பீன்ஸும் இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சீசனின் கடைசி ஆட்டம். காலையில் கத்தியை அடிமட்டத்துக்கு இறக்கினார். தலையை மழிப்பது போல் உள்வட்டத்தை மழித்துவிட்டார். அளவுகோல்காரி கண்ணாலேயே பார்க்கட்டும். புல் இல்லாமல் அவன் என்ன செய்கிறான் என்று தெரியட்டும்.

ராதமேஸ் வழக்கம்போல் எல்லோருக்கும் முன்னால் வந்தான். வழக்கம்போல் கையில் இரண்டு சின்னக் குவளை காப்பி, ஒன்று அவருக்கு. புல்லில் கால் வைத்தவன் நின்றான், குனிந்து பார்த்தான். நேராகத் தன் இடத்துக்குப் போய், எப்போதும் குதிகாலால் கோடு கிழிக்கிற இடத்துக்கு இரண்டடி பின்னால் கோடு கிழித்தான். பிறகு வந்து காப்பியை நீட்டினான்.

"யாருக்கு வேண்டிக்கிட்டு மொட்டை?"

"வளந்தா வெட்டணும்ல."

"பதினோரு வருஷமா வளரலையா?"

அன்செல்மோ காப்பியைக் குடித்தார்.

"எனக்குத் தெரியும் பெரியவரே. வெளியூர்ல நிக்கறதவிட இங்க ரெண்டடி முன்னால நிப்பேன். பந்து மெதுவா வர்ற எடத்துல பின்னால நின்னு என்ன பண்றது? நீங்க சொல்லல, நானும் கேக்கல."

கிழவருக்குச் சுருக்கென்றது. தடம் பார்த்தே ஆளைச் சொல்கிறவர் என்று பேர். ஆனால் வெளியூர் ஆட்டம் எதற்கும் அவர் போனதில்லை. அங்கே அவன் எங்கே நின்றான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"இன்னிக்குப் பந்து கோவமா வரும்," என்றார். "பல்லைப் பாத்துக்க."

"மிச்சம் இருக்கறதப் பாத்துக்கறேன்."

பந்து கோபமாகத்தான் வந்தது. மழித்த புல்லில் சீறிக்கொண்டு வந்தது. ராதமேஸ் பக்கம் எட்டு வந்தன, ஏழு பந்தைப் பிடித்தான். ஒன்றை முழங்காலில் விழுந்து, விழுந்தபடியே எறிந்தான். எட்டாவது பந்து அவன் கையுறைக்கு நாலு விரல் தள்ளிப் போய்விட்டது. எதிரணிக்கு இரண்டு ஓட்டம். பழைய புல்லாக இருந்தால் தாங்கிக் கொடுத்திருக்கும். கிழட்டு மாடே, வீட்டுக்குப் போய்ப் படு என்று படியிலிருந்து எவனோ கத்தினான். அன்செல்மோ வாரியின் காம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ராதமேஸ் மட்டையெடுத்து, என்றைக்கும் அடிக்கிற அதே உருட்டுப் பந்தைத்தான் நாலாவது இன்னிங்ஸில் அடித்தான். வழக்கமாக அது புல்லில் தேங்கும், அவன் மாட்டுவண்டி ஓட்டம் ஓடி முடிப்பதற்குள் அவுட் ஆவான். இன்றைக்கு அது இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு வெளிவட்டத்துக்குப் போயிற்று. ஆறாவதில் இன்னொன்று. எட்டாவதில் மூன்றாவது. கைபேசிக்காரர்களில் பாதிப் பேர் நிமிர்ந்துவிட்டார்கள். மேளக்காரன் இரண்டு கையாலும் அடித்தான். அன்செல்மோவுக்கே சிரிப்பு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாலும் சில நாள் பந்து போய்ச் சேரத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

கன்யேரோஸ் ஒரே ஓட்டத்தில் தோற்றார்கள். அந்த எட்டாவது பந்தைப் பிடித்திருந்தால் ஜெயித்திருக்கலாம். புல்லை வளர்த்தும் கெடுத்தேன், வெட்டியும் கெடுத்தேன் என்று அன்செல்மோ தன்னையே வைதுகொண்டு மண்ணை நிரவிக்கொண்டிருந்தபோது, கையில் காகிதக் கட்டோடு தாமரிஸ் வந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. படிகள் காலியாகிக்கொண்டிருந்தன.

ராதமேஸுக்கு இன்னொரு வருஷம் ஒப்பந்தம், அதே மூன்று லட்சம், பொலாங்கோ கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாள்.

அன்செல்மோ வாரியை நிறுத்தினார். "கண்ணால பாத்ததும் புரிஞ்சுதா?"

"இன்னிக்குப் பாத்து இல்ல. ஒரு ஆட்டத்த வெச்சு எதுவும் சொல்ல முடியாது. நேத்தே முடிவாயிடுச்சு." புல்லை அளந்த கையோடு வெளியூர் ஆட்டங்களை மட்டும் தனியாகப் பிரித்தேன் என்றாள். அங்கே இவருடைய புல் இல்லை. அங்கேயும் ராதமேஸ் அளவுக்குப் பந்தைத் தடுத்தவர் இந்த லீக்கில் யாருமில்லை. "நீங்க மொட்டை அடிச்சிருக்கவே வேணாம்."

"ம்."

"இன்னொண்ணும் பாத்தேன். சொல்லட்டுமா?"

"வேணாம்னா விடவா போற?"

"வெளியூர்ல நூறு தடவைக்கு இருபத்தாறு அடிக்கறார். இங்க பத்தொம்பது. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல, பதினோரு வருஷமும் இப்படித்தான்." அவள் புல்லைப் பார்த்தாள். "அவர் அடிக்கறதெல்லாம் தரைப்பந்து. உங்க புல்லுக்கு எதிராளி பந்து எது, நம்ம பந்து எதுன்னு தெரியாதே பெரியவரே. அடிக்கத் தெரியாதவர்னு அவர் பேர் வாங்கினதுல பாதி இந்தப் புல்லாலதான்."

அன்செல்மோ வாரியின் பல்லில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். இரண்டடி முன்னால் நிற்கத் தெரிந்தவனுக்கு இதுவும் தெரியாமலா இருந்திருக்கும்? தன் பந்து புல்லில் செத்துக் கிடப்பதை ஒவ்வொரு தடவையும் ஓடிக்கொண்டே பார்த்திருப்பான். படியிலிருந்து வசவு வாங்கிக்கொண்டு உள்ளே போயிருப்பான். மறுநாள் இரண்டு குவளையோடு வந்திருப்பான். அந்த நினைப்பு ஒரு நொடிதான் இருந்தது. சட்டைக்குள் புகுந்த எறும்பைப் போல அதை உதறிவிட்டார்.

"பாரு பிள்ள," என்றார். "ஆலையில எடை முள்ளு ஒண்ணக் காட்டும், எழுத்தர் காகிதத்துல வேறொண்ண எழுதுவாரு. அவனுக்கு அடிக்கத் தெரியாது. அவன் அப்பனுக்கும் தெரியாது, நான் அவன் ஆட்டத்தையும் பாத்திருக்கேன். புல்லு மேல பழியப் போடாத."

அவள் காகிதத்தை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அடுத்த வருஷம் எவ்வளவு உசரம் வெக்கப் போறீங்க?"

"அது வளரும்போது பாத்துக்கலாம்."

வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ராதமேஸ் நின்ற இடத்தில் குதிகால் கோடு அழியாமல் இருந்தது. அதை மட்டும் நிரவாமல் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் அவள் இன்னும் ஏதோ எண் சொல்லிக்கொண்டிருந்தாள். காகிதம் எந்தக் காலத்தில் வாயில் பந்து வாங்கியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல், எந்திரம் நிற்கிற கொட்டகைப் பக்கம் போனார்.