பனியன் துணியில் கட்டிய பன்னீர்

வேலம்பாளையத்தில் ரோஸ்மேரி பொரித்த பன்னீரைத் தின்றவர் எவரும் அவினாசிபாளையம் தாண்டித் தெற்கே போனதில்லை. வடக்கே பெருமாநல்லூர், மேற்கே அவினாசி, கிழக்கே ஊத்துக்குளி, அதோடு அவர்களுடைய பூமி முடிந்தது. பஸ் அதற்கு மேலும் போகும், மடியில் வைத்திருந்த பை போகும், கழற்றிப் போட்ட செருப்புகூடப் போகும். ஆள் மட்டும் போக மாட்டார். சற்று முன்பு சீட்டில் உட்கார்ந்திருந்தவர் பனியன் கம்பெனி லைன் வீட்டில் தன் பாயில் படுத்துக் கிடப்பார், சட்டைப் பையில் டிக்கெட்டோடு. நூல் விலை ஏறியதையும் கரண்ட் போனதையும் பேசுகிற அதே குரலில்தான் அந்தப் பக்கத்து ஜனங்கள் இதையும் பேசினார்கள். வேறு எந்தக் குரலில் பேசுவது, நடந்தது நடந்ததுதானே.

ரோஸ்மேரிக்குச் சொந்த ஊர் கயத்தாறு பக்கம். பெண் குழந்தை ஜெனிபாவை மாமியார் சவேரியம்மாளிடம் விட்டுவிட்டு, புருஷனோடு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவள். வந்த இரண்டாம் வருடமே அவினாசி ரோட்டில் லாரி மோதிப் புருஷன் போய்ச் சேர்ந்தான். அதற்காக ஊர் திரும்ப முடியுமா, ஊரில் பிழைப்பு இருந்தால் எதற்கு இங்கே வந்திருக்கப் போகிறாள். கம்பெனி முதலாளி பெருமாள்சாமி அவளை மெஸ் சமையலுக்கு வைத்துக்கொண்டார். பிள்ளையைத் தன்னிடம் அனுப்பச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. சவேரியம்மாள் ஒரே பிடியாக நின்றாள். “எம் மவனை அந்தச் சாயத்தண்ணி ஊருக்குத்தான் வாரிக் குடுத்தேன். இப்பம் பேத்தியையும் கேக்கியாக்கும்?” என்று போனிலேயே மூக்கைச் சிந்துவாள். அதனால் கிறிஸ்துமஸுக்கு ஒரு முறை, மே மாதம் ஒரு முறை, ரோஸ்மேரி ஊருக்குப் போய்ப் பிள்ளையின் தலையில் பேன் பார்த்துவிட்டு வருவாள். வருடத்தின் மற்ற நாட்களெல்லாம் அந்த இரண்டு பயணத்துக்காகத்தான் அவளுக்கு விடிந்தன.

2002-ம் வருடம் ஆவணியில் பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் கம்பெனியைப் பார்க்க வந்தார். ஆர்டர் பெரிது, பெருமாள்சாமிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆர்டர் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் கவிப்பிரியா, நல்லூர்ப் பெண், மெஸ்ஸுக்கு ஓடி வந்தாள். “அவங்க ஊர்ல சீஸைப் பொரிச்சு, மேல இனிப்புங் காரமுமா என்னமோ பூசித் திம்பாங்களாமாங்க்கா. அதைச் செஞ்சு வெக்கலாம்னு சார் சொல்றாருங்க.” சீஸைக் கண்டாளா ரோஸ்மேரி? பன்னீர் மாதிரித்தான் என்றாள் கவிப்பிரியா. பால் காங்கேயத்து மாட்டுப் பால், கொள்ளையாக வந்தது. காய்ச்சி எலுமிச்சை பிழிந்ததும் திரிந்து திரளாக ஒதுங்கியது. வடிகட்டத்தான் துணி இல்லை. மல் துணி வாங்கிவர நேரமும் இல்லை. கட்டிங் செக்‌ஷனில் குவிந்து கிடந்த வெள்ளைப் பனியன் துணியில் ஒரு நல்ல துண்டை எடுத்து, கொதிநீரில் அலசி, திரளை அதில் அள்ளிக் கட்டி, பழுதான தையல் மிஷின் மோட்டார் ஒன்றை மேலே பாரமாக வைத்தாள். தப்பு நடந்தது அந்த இடத்தில்தான். பனியன் துணியை எப்படி இழுத்தாலும் விட்டதும் பழைய இடத்துக்கே வரும். அந்தக் குணம் பன்னீரில் இறங்கும் என்று யார் நினைத்தார்கள்?

இறுகிய பன்னீரைத் துண்டு போட்டு உப்பு வெந்நீரில் ஊறவைத்தாள், துடைத்து அரிசி மாவில் புரட்டினாள், தேங்காயெண்ணெயில் ஓரம் சிவக்கப் பொரித்தெடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டியை உருக்கி மண் போக வடிகட்டி, ஊறவைத்து அரைத்த மிளகாய் வத்தலும் பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக் காய்ச்சினாள். பாகு விரலில் கம்பி இழுத்ததும் அடுப்பிலிருந்து இறக்கி, பொரித்ததை அதில் கொட்டி, சட்டியைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினாள். ஒவ்வொரு துண்டும் வார்னிஷ் அடித்தது போல மின்னியது. முதலில் கருப்பட்டி இனிக்கும், அது தொண்டையில் இறங்கும்போது வத்தல் பிடித்துக்கொள்ளும், பல் பட்டால் மேலே மொறுமொறுவென்று நொறுங்கும், உள்ளே வெண்ணெயாக இருக்கும். பையர் தொடவில்லை. பால் பொருள் அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். இரண்டு அவித்த முட்டையைத் தின்றுவிட்டு, ஆர்டரை உறுதி செய்துவிட்டு, நிம்மதியாக விமானம் ஏறிப் போனார். தட்டு மெஸ்ஸுக்கு வந்தது. வேலையாட்கள் விரலைச் சப்பிச் சப்பித் தின்றார்கள்.

தீபாவளிக்குச் சாத்தூர் பஸ் ஏறிய டெய்லர் முனீஸ்தான் முதலில் திரும்பி வந்தவன். அவினாசிபாளையம் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரை மெல்லப் பிடித்து இழுத்தது போல இருந்தது என்றான், வேறு வலி ஒன்றும் இல்லை என்றான். அவனுடைய பை சாத்தூருக்குப் போய்ச் சேர்ந்தது. பையில் தம்பிக்கென்று நாலு துண்டு பன்னீர் கட்டி வைத்திருந்தான், வேலையாட்கள் கேட்டார்களென்று அன்று காலை ரோஸ்மேரி அதே துணியில் கட்டிப் புதிதாகப் பொரித்தது. தம்பி அதைத் தின்றான். மறுநாள் விடியும்போது அவனும் லைன் வீட்டில் அண்ணன் பக்கத்தில் படுத்துக் கிடந்தான், வாயோரம் பாகு காயாமல். வழியில் அவர்களை யாரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் தாராபுரம் ரோட்டு நாய்கள் மட்டும் ஒன்று போலத் தலையைத் தூக்கி வடக்கே பார்க்கும், குரைக்காது. கொஞ்ச நாளில் கண்டக்டர்கள் பழகிக்கொண்டார்கள். பெருமாள்சாமி கம்பெனி ஆள் என்று தெரிந்தால் அவினாசிபாளையம் வரைக்கும்தான் டிக்கெட் கிழித்தார்கள், பாவம், எதற்கு வீண் செலவு.

பெருமாள்சாமிக்கு விஷயம் விளங்க ஒரு வாரம் ஆயிற்று. தீபாவளிக்குப் போன ஆள் பொங்கல் கழித்து வருவதும், வராமலே போவதும்தான் பனியன் முதலாளிகளின் தீராத தலைவலி. மெஸ்ஸுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். “ஏனுங்கம்மிணி, அந்தப் பன்னீரை வாராவாரம் சனிக்கிழமை போட்டுருங்க. துணி நான் குடுத்தனுப்பறனுங்க” என்றார். அந்த மனிதர் யாரையும் அதட்டிப் பேசி அறியாதவர். தனக்குச் சக்கரை வியாதி என்று அவர் மட்டும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. ரோஸ்மேரி ஒரு முறை அவருக்குத் தெரியாமல் வேட்டித் துணியில் கட்டிப் பார்த்தாள். பன்னீர் உதிர்ந்து பாகில் கரைந்து சப்பென்று போயிற்று, சாப்பிட்டவர்கள் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார்கள். மறு சனிக்கிழமை அவர்களே பனியன் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆமாம், தெரிந்தேதான் தின்றார்கள். நமக்கு ஊரில் என்ன கொட்டிக் கிடக்கிறது என்று தின்றவர் பாதி, வீட்டுச் சண்டைக்குப் பயந்து தின்றவர் மீதி.

முதல் நாளிலிருந்தே ரோஸ்மேரி ஒரு துண்டுகூடத் தின்றவளில்லை. ஆறினதும் தின்னலாம் என்று இருந்தாள், மிஞ்சவில்லை. பிறகு பயத்தில் தின்னவில்லை. ஆனால் சமையல்காரி ருசி பார்க்காமல் இறக்குவாளா? கம்பி பதம் பார்த்த விரலை, பன்னீர் போட்டுக் குலுக்கிய கையை, நினைவில்லாமலே நக்கியிருக்கிறாள். அதெல்லாம் கணக்கில் வராது என்று தன்னையே தேற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கு வேலை அதிகம் என்று போகாமல் இருந்தாள். மே மாதம் ஜெனிபாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளை கவுனும் தலைக்கு முக்காடும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அவினாசிபாளையம் நெருங்கியதும் முன் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஜெபம் சொன்னாள். ஜாக்கெட்டின் முதுகுப்பக்கம் யாரோ மெல்ல இழுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது மெஸ் பின்கட்டில் தன் பாயில் கிடந்தாள், கையில் கம்பியின் துரு வாசம். கவுன் ஊர் போய்ச் சேர்ந்தது. ஜெனிபா அதைப் போட்டுக்கொண்டு கோயில் வாசலில் அம்மாவுக்காக நின்றதைப் பக்கத்து வீட்டுக்காரி போனில் சொன்னபோது ரோஸ்மேரி எஸ்.டி.டி. பூத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதாள்.

அதோடு விட்டாளா என்றால் இல்லை. திரும்பத் திரும்ப ஏறினாள். முதல் அலசலில் பனியன் சுருங்குவது போல, இழுபட்டு வந்த ஒவ்வொரு முறையும் ஆட்கள் ஒரு விரற்கடை சுருங்கினார்கள். முனீஸுக்கு பேண்ட் தரையைக் கூட்டியது, லைன் வீடுகளில் கண்ணாடியையும் தாழ்ப்பாளையும் கீழே இறக்கி அடித்தார்கள். நெடுநெடுவென்று இருந்த ரோஸ்மேரி சேலையை இரண்டு மடிப்பு அதிகமாக இடுப்பில் செருகவேண்டி வந்தது. “போதுமுங்கம்மிணி, அப்பறம் அடுப்பு எட்டாதுங்க” என்றார் பெருமாள்சாமி, நிஜமான அக்கறையோடு. அடுத்த வருடம் ஜெனிபா போனுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். “பிள்ளைக்கு ஒன் மூஞ்சியே மறந்துபோச்சுட்டி. எதுக்குப் போட்டு நச்சரிக்க?” என்றாள் சவேரியம்மாள்.

அந்தச் சனிக்கிழமை ரோஸ்மேரி முனீஸின் தம்பியை நினைத்துக்கொண்டே பாகு காய்ச்சினாள். பிள்ளை ஒரு துண்டு தின்றால் போதும், விடியும்போது இந்தப் பாயில் கிடக்கும். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் இந்த ஊர்தான், அதுவும் தெரியும். வத்தலைக் குறைத்தாள், கருப்பட்டியைக் கூட்டினாள், தூக்குவாளியில் போட்டு மூடி, கயத்தாறு வழி போகும் பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். தான் செய்வது திருட்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பஸ் கிளம்பும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள்.

விடிந்தபோது பாயில் சவேரியம்மாள் கிடந்தாள்.

உதடு வீங்க, கண்ணில் நீர் வழிய எழுந்து உட்கார்ந்தவள் மருமகளைப் பார்த்ததும் வசவை ஆரம்பித்தாள். ரோஸ்மேரி அவளைத் தோளைப் பிடித்து உலுக்கி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “பிள்ளை தின்னாளா?”

“இந்த ஒறப்பைப் பிள்ளை வாயில வைப்பேனாட்டி? எரிக்கான்னு ஒண்ணு தின்னு பாத்தேன். அப்புறம் கை நிக்கல, எல்லாத்தையும் நானே தின்னுட்டேன்.”

அங்கே வீட்டில் ஜெனிபா தன்னந்தனியாக இருந்தாள். பூத்துக்கு ஓடிப் பக்கத்து வீட்டுக்காரியைப் பிடிக்கும் வரை ரோஸ்மேரிக்கு உயிர் உயிராக இல்லை. ஆனால் ஓடும்போதே மனசின் ஒரு மூலையில், அப்பாடா, பிள்ளை தின்னவில்லை என்று ஒரு ஆறுதல் வந்ததே, அதில்தான் தான் செய்யப்பார்த்தது எவ்வளவு பெரிய பாதகம் என்று அவளுக்கு விளங்கியது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி ஜெனிபாவை எல்லோரையும் போல பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து விட்டாள். பிள்ளை வாசலிலேயே நின்று வெகுநேரம் பார்த்தது. “நீங்க எங்க அம்மாதானா? அம்மா ஒசரமா இருப்பாங்களே” என்றது.

மாமியாரும் மூன்று முறை பஸ் ஏறிப் பார்த்தாள், மூன்று விரற்கடை குறைந்தாள், பிறகு மெஸ்ஸில் வத்தல் அரைக்க உட்கார்ந்துவிட்டாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை பாதி நாள் இருக்கும், பாதி நாள் இருக்காது. ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒரே கட்சி. சனிக்கிழமை அடுப்புப் பற்றவைக்கும் முன் ஜெனிபாவை நல்லூரில் கவிப்பிரியா வீட்டுக்குப் படிக்க அனுப்பிவிடுவார்கள். அவள் திரும்பி வருமுன் சட்டியைக் கழுவி, தரையைத் துடைத்து, தங்கள் வாயையும் கொப்பளித்துவிடுவார்கள். வளர வளரப் பிள்ளைக்கு அந்த வாசம் தெரிந்துதான் இருந்தது. ஒரு துண்டு தரக்கூடாதா என்று கேட்பாள், கெஞ்சுவாள், ஒரு முறை இரண்டு நாள் சாப்பிடாமல்கூடக் கிடந்தாள். தரவில்லை. பத்தாவது முடிக்கும்போது அம்மாவின் தலை அவள் தோளுக்கு வந்தது.

2009-ம் வருடம் ஜூன் மாதம், பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் பதினொன்றாம் வகுப்புப் படிக்க ஜெனிபாவுக்கு இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். கவிப்பிரியா வண்டியில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனாள். அம்மாவும் ஆச்சியும் போகவில்லை. பின்கட்டில் ஜெனிபாவின் பாயை விரித்துவிட்டு, அதன் இரண்டு பக்கமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் காபிகூடப் போடவில்லை. பஸ் கிளம்பியிருக்கும். அவினாசிபாளையம் வந்திருக்கும். தாராபுரமே தாண்டியிருக்கும். பாய் வெறும் பாயாகவே கிடந்தது.

“போயிட்டா,” என்றாள் சவேரியம்மாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு துண்டு பன்னீர், நேற்றுப் பொரித்தது. “ராத்திரி பிள்ளை சோத்துக்குள்ள பொதைச்சு வச்சிரலாம்னுதான் எடுத்தேன். எலையில போடப்போயி கை வரல.”

ரோஸ்மேரி எழுந்து போய், அரிசிப் பானைக்குள் கைவிட்டு, தான் ஒளித்து வைத்திருந்த துண்டை எடுத்து வந்தாள்.

மாமியார் அதைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். அவ்வளவு வருடத்தில் முதல் முறையாக அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள். பாகு கல்லாக இறுகிப்போயிருந்தது. இருவரும் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டு, அது கரையும் வரை உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஜெனிபாவின் பாயைச் சுருட்டிக் கட்டிப் பரண்மேல் போட்டார்கள். பரண் எட்டவில்லை, ஸ்டூல் வைத்து ஏறினார்கள்.