முட்டி போட்ட ஜீப்பு

ராயபுரத்தில் பிறந்த பெண்ணுக்குப் படகு ஆகாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எல்சிக்கு ஆகாது. படகில் காலை வைத்ததும் குடல் வாய்க்கு வந்துவிடும். இந்த ரகசியம் அவள் அண்ணன் ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவள் போயும் போயும் ஆசைப்பட்டது எண்ணூர் முகத்துவாரத்துக்கு அக்கரையில் இருந்த குப்பத்து லூர்துவை. அவனுக்குத் தரையைவிடக் கடலில்தான் தூக்கம் நன்றாக வரும்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கோயிலில் தாலி கட்டியானதும் புது மருமகள் பூ ஜோடித்த படகில்தான் அக்கரை போய் இறங்க வேண்டும். ஊரே கரையில் நின்று பார்க்கும். அத்தனை பேர் முன்னால் வாந்தியெடுத்தால், பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதைச் சொல்லியே சிரிப்பார்கள். எல்சி ராத்திரியெல்லாம் மூக்கைச் சிந்தினாள். தங்கை அழுதால் ஸ்டானிஸ்லாஸுக்குப் புத்தி வேலை செய்யாது, வாய்தான் வேலை செய்யும். நேராக லூர்துவின் அப்பா இன்னாசியிடம் போய், "என் தங்கச்சிய நான் ஜீப்புல கொண்டாந்து எறக்குறேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

இன்னாசி மீசைக்குள் சிரித்தார். "எங்க குப்பத்துக்கு இதுவரிக்கும் சைக்கிள் கூட வந்ததில்ல தம்பி. வந்தா சந்தோசம்தான். ஆனா நடுவுல மாட்டிகினா, பொண்ணு படகுல ஏறிடணும். நாங்க கூடவே வந்துகினு இருப்போம். இன்னா சொல்ற?"

ஸ்டானிஸ்லாஸ் தலையாட்டினான்.

ஜீப்பு ஞானதுரை அண்ணாச்சியுடையது. திருவொற்றியூரில் உப்பு மொத்த வியாபாரம். பழைய மிலிட்டரி ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். "கல்யாணத்துக்குத்தானே, கொண்டுட்டுப் போலே. ஆனா எப்படித் தந்தேனோ அப்படியே திரும்பி வரணும். ஒரு ஓட்டை போடப்பிடாது, எங்கயும் வெல்டிங் வச்சுப் பத்த வைக்கப்பிடாது" என்றார்.

கோடையில் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுவிடும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருக்காது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டானிஸ்லாஸ் ஒத்திகை பார்த்தான். பாதி வழியில் ஒரு மணல் முதுகு ஜீப்பின் வயிற்றில் தட்டியது. வண்டி அதன்மேல் அப்படியே உட்கார்ந்துகொள்ள, நாலு சக்கரமும் சும்மா சுற்றின. வலை இழுக்கிற ஆட்கள் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். வண்டி இன்னும் நாலு விரல் உயர்ந்தால் போதும், தாண்டிவிடும்.

"இவ்ளோதானா? லாரிக்கு எத்தினி தபா பண்ணிகிறோம்!" என்றான் அவனோடு லாரி ஷெட்டில் வேலை செய்யும் குணசேகரன். லாரியைத் தூக்க வேண்டுமென்றால் சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸிலுக்கும் வண்டியைத் தாங்குகிற ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே கட்டை கொடுத்து இறுக்குவார்கள். செலவில்லாத வேலை. ஹார்பரில் சரக்குக்கு அடியில் போடுகிற வைரம் பாய்ந்த கட்டைகளைக் கொண்டுவந்து, அறுத்து, கொடுத்து, இறுக்கி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஜாக்கியை இறக்கினார்கள்.

ஜீப்பு இறங்கியது. இறங்கியது, இன்னும் இறங்கியது. முன்பு இருந்ததைவிட நாலு விரல் தாழ்ந்துபோய் நின்றது.

சாப்பாடு கொண்டுவந்த எல்சி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இன்னா அண்ணே, ஜீப்பு முட்டி போட்டு ஜெபம் பண்ணுது?"

ஸ்டானிஸ்லாஸ் அடியில் படுத்துப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். லாரியில் பட்டை ஆக்ஸிலுக்கு மேலே உட்காரும். இந்த ஜீப்பில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே தொங்கியது. நடுவில் கட்டை கொடுத்தால் பட்டையும் அதன்மேல் நிற்கிற வண்டியும் தாழாமல் என்ன செய்யும்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். நாள் முழுக்க லாரிக்கு அடியிலேயே கிடந்த கண்ணுக்கு, உலகத்தில் எல்லா வண்டியும் லாரியாகத்தான் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

சிரித்து முடித்தபோது வழியும் தெரிந்தது. பட்டையின் நுனியைச் சட்டத்தோடு பிணைக்கிற ஷேக்கிளை நீளமாக்கினால் வண்டி எழும்பும். ஒதுக்கிப் போட்ட கிரேன் தகட்டை வெட்டி, நீள ஷேக்கிள்கள் செய்து மாட்டினார்கள். பட்டைக் கட்டுக்குள் பழைய லாரிப் பட்டை ஒன்றையும் சேர்த்துச் செருகினார்கள். எல்லாம் போல்ட்டுதான், வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். ஜாக்கியை இறக்கியதும் ஜீப்பு நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த குணசேகரன் முகம் சரியில்லை. "மாமு, உயரம் சோக்கா கீது. ஆனா படகு கணக்கா ஆடுதுடா."

ஸ்டானிஸ்லாஸ் ஜீப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். படகுக்குப் பயந்துதானே இத்தனை பாடும்! இனி வேறு வழியில்லை.

கல்யாணத்தன்று எல்சியை முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்தான். மாப்பிள்ளை லூர்து பின்னால், குறுக்குப் பலகையில், சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்தான். "கீழ பாக்காதடி. தூரத்துல அந்தக் கரையயே பாரு" என்று தங்கையின் காதில் சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

பக்கத்திலேயே ஜோடித்த படகு வந்தது. அதில் இன்னாசியும் பேண்டு வாத்தியமும். ஜீப்பு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் சாய்ந்தது. மணல் முதுகு வந்தது. அடியில் சரக்கென்று ஒரு உரசல். பேண்டு நின்றது. "மாதாவே!" என்று அலறி ஆக்ஸிலேட்டரை மிதித்தான் ஸ்டானிஸ்லாஸ். வண்டி ஒரு குலுங்கு குலுங்கித் தாண்டி, தண்ணீர் சொட்டச் சொட்டக் குப்பத்து மணலில் ஏறி நின்றது. குப்பமே விசிலடித்தது. எல்சியின் முகம் பூத்திருந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். லூர்து பக்கவாட்டில் தலையை நீட்டிக் கல்யாணச் சாப்பாடு மொத்தத்தையும் மணலில் கக்கிக்கொண்டிருந்தான்.

படகிலிருந்து இறங்கிய இன்னாசிக்குக் கோபமே வந்துவிட்டது. "டேய்! புயல்ல கூட அசராத பய, உனுக்கு இன்னாடா வந்துச்சி?"

எல்சி குதித்து இறங்கினாள். புடவை முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். பிறகு ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்: "திட்டாதீங்க மாமா. படகுல ஏறுனா எனுக்கும் இப்டித்தான். அவர வண்டில நான் புடிச்சிக்கிறேன். என்ன படகுல அவரு புடிச்சிக்கட்டும்."

முதலில் சிரித்தது லூர்துதான். பிறகு குப்பமே சிரித்தது. எத்தனை நாள் மூடி வைத்த ரகசியம்! அதைத் தங்கை தானே எடுத்து ஊர் நடுவில் வைத்துவிட்டாளே என்று ஸ்டானிஸ்லாஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

இன்னாசி மீசையைத் துடைத்துக்கொண்டு பேண்டுக்காரர்கள் பக்கம் திரும்பினார். "இன்னாடா பாத்துகினு நிக்கிறீங்க? வாசிங்கடா! படகுல கீற பூவெல்லாம் அவுத்தாந்து ஜீப்புக்குக் கட்டுங்க."