பன்னிரண்டாம் படி

தட்டம்மை இறங்கிய பிறகு என் இடது காதில் ஆறு மாதம் சீழ் வடிந்தது. சீழ் நின்றபோது அந்தக் காதில் சத்தமும் நின்றுபோயிருந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. வகுப்பில் வாத்தியார் கேட்கும் கேள்வி பாதிதான் எட்டும். மீதியை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது. ஏழாம் வகுப்புப் பாதியில், 1956 கார்த்திகை மாதம், ஹெட்மாஸ்டர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"திம்மராயா, உன் பொண்ணுக்குக் காது மந்தம். டாக்டர்கிட்ட காட்டி, நல்லா கேட்குதுன்னு காயிதம் வாங்கியா. அப்பறம் சேர்த்துக்கறேன்."

ராகி அறுப்பு வந்தது. பிறகு மாட்டுக்குக் கோமாரி வந்தது. டாக்டரிடம் போகச் சித்திரை ஆகிவிட்டது.

அந்த ஐந்து மாதத்தில் நான் ஒன்று கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுச் சம்பங்கி என் வகுப்புக்காரி. அவள் அப்பா கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். அவர் வயலில் இருக்கும் சாயங்கால வேளையில் பெட்டியைத் திறந்து விளையாடுவோம். ஒருத்தி சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். மற்றவள் இரண்டு கட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவாள். முதல் ஒலியிலிருந்து இரண்டாவது எத்தனை படி மேலே என்று சொல்ல வேண்டும். வெள்ளைக் கட்டையானாலும் கறுப்பானாலும் ஒரு கட்டைக்கு ஒரு படி.

முதலில் எல்லாம் ஒரே மாதிரிக் குழம்பியது. எந்தக் கட்டையில் தொடங்கினாலும் தூரம் மாறுவதில்லை என்று புரியவே ஒரு மாதம் பிடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு தூரத்துக்கும் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டேன். ஒரு படி, காதருகே வந்து விலகும் கொசு. மூன்று படி, மாடு பூட்டிக் கவலை இறைக்கும்போது எங்கள் கிணற்று உருளை முனகி ஏறுவது. ஏழு படி, செவலை மாட்டின் கழுத்தில் ஆடும் இரண்டு மணிகள். ஆறு படிக்கு மட்டும் வெகுநாள் எதுவும் கிடைக்கவில்லை. அது உட்காரவும் செய்யாது, எழுந்து போகவும் செய்யாது. கடைசியில் அந்தச் சங்கடத்தையே அடையாளமாக்கிக்கொண்டேன். நான் ஏன் வலது காதைத் திருப்பி நிற்கிறேன் என்று சம்பங்கி ஒருநாளும் கேட்டதில்லை.

பன்னிரண்டு படி ஏறினால் புறப்பட்ட சுரமே மறுபடி வரும். அதற்கு அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள்.

"அது வூடு வந்து சேர்ந்தாச்சுடி. அதுக்கு வாயும் தொறக்கக் கூடாது, கையும் ஆட்டக் கூடாது. ஆட்டினா தோத்த."

குந்தாரப்பள்ளியில் பஸ் ஏறி அப்பாவும் நானும் கிருஷ்ணகிரி போனோம். அணை வேலைக்குச் சிமெண்டு ஏற்றிப் போகும் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு பஸ் நகர்ந்தது. டாக்டர் வீட்டு முன்னறையில் கம்பவுண்டர் ஆஞ்சப்பன் என் பெயரைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஊமைக்கு வந்தீங்களா, செவிட்டுக்கு வந்தீங்களா?" என்றார் அப்பாவிடம்.

"செல்லிங்க பேரு. வாயி இருக்குதுங்க. எடுக்கமாட்டா, அவ்வளவுதான்."

உள்ளே டாக்டர் ஒரு மரப்பெட்டியைத் திறந்தார். அதில் இரண்டு கால் வைத்த இரும்புக் கவைகள் நான்கு, சிறிதும் பெரிதுமாகக் கிடந்தன. ஒன்றை எடுத்து முழங்காலில் தட்டினார். அது ஆர்மோனியத்தைவிடச் சுத்தமாகப் பாடியது. என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். வலது காதருகே பிடித்தார், கையைத் தூக்கினேன். இடது காதருகே பிடித்தார். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆனால் ஒலி சுற்றிக்கொண்டு வலது காதுக்கு மெல்ல வந்தது. தூக்கினேன்.

"நல்லது. இப்ப ரெண்டு சத்தம் குடுப்பேன். ரெண்டாவது வேற மாதிரி இருந்தா கையைத் தூக்கும்மா."

முதல் கவை பாடியது. இரண்டாவது பாடியது. சரியாகப் பன்னிரண்டு படி. நான் அசையவில்லை. இன்னொரு ஜோடி. அதுவும் அப்படியே. நான்கு முறை தட்டினார். நான்கு முறையும் சம்பங்கியின் சட்டப்படி கையை இடுப்போடு ஒட்டி வைத்திருந்தேன். ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்று உள்ளுக்குள் சந்தோஷம்.

திரும்பிப் பார்த்தபோது டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சத்தம் கேட்குதுப்பா. ஆனா ஒரு சத்தத்துக்கும் இன்னொண்ணுக்கும் பேதம் தெரியலை. படிப்பு ஏறாது. வீட்டு வேலை பழக்கிவிடு."

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "சரிங்க" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பேனா கையெழுத்துக்கு இறங்கியது.

"தெரியுதுங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். 

"ரெண்டும் ஒரே சுரங்க. ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. நடுவுல பன்னெண்டு படி. பொட்டியில இருக்கற நாலும் ஒரே சுரந்தாங்க."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. கேட்டேன்."

டாக்டர் கவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, காம்பில் வெட்டியிருந்த எண்களைச் சத்தமாகப் படித்தார். நூற்றிருபத்தெட்டு. இருநூற்றைம்பத்தாறு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. ஆயிரத்து இருபத்து நான்கு. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்பு. கடைசி எண்ணில் நிறுத்திவிட்டு முதல் கவையை மறுபடி பார்த்தார். பிறகு அதைத் தட்டி, உடனே பென்சிலால் மேஜை மேலிருந்த மருந்துக் கிளாசில் ஒரு தட்டுத் தட்டினார். என் கை தானாக மேலே போனது.

"இது எத்தனை படி?"

"வூட்டுலருந்து அஞ்சுங்க. அஞ்சுக்குக் கொஞ்சம் கொறச்சல்."

அவர் சிரிக்கவில்லை. எழுதிய காகிதத்தைக் கிழித்துப் புதிதாக ஒன்றை எடுத்தார். "ரெண்டு காதும் நல்லா இருக்குன்னு எழுதிடறேன்" என்றார் அப்பாவிடம்.

நான் தலையாட்டினால் போதும். வைகாசி கழிந்தால் பள்ளிக்கூடம். ஆனால் இந்த மனிதர் என் ஒரு பேச்சை நம்பித் தாம் எழுதியதையே கிழித்திருக்கிறார்.

"இந்தப் பக்கம் கேட்காதுங்க" என்று இடது காதைத் தொட்டேன்.

"கையைத் தூக்கினியே?"

"அது வலது காதுல கேட்டதுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "எப்பலருந்துடி?"

"அம்மை வந்ததுலருந்து."

டாக்டர் வலது காதைப் பஞ்சால் அடைத்துவிட்டுக் கவையைத் தட்டிப் பார்த்தார். பிறகு வெகு நேரம் எழுதினார். வலது காது மிக நன்று, இடது காது இல்லை, ஆசிரியர் வலப்பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தால் படிப்பாள்.

ஹெட்மாஸ்டர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பொட்டப்பிள்ளைங்க பலகை வலப்பக்கச் சுவரோரம். அங்க உட்கார்ந்தா வாத்தியார் இவளுக்கு இடப்பக்கம். இடப்பக்கம் பூரா பசங்க. பசங்களோட உட்கார வெக்கச் சொல்றியா?"

"இல்லீங்க."

"அப்ப நான் என்ன செய்யறது?"

அப்பா ஜன்னல் வழியாக வகுப்பறையை எட்டிப் பார்த்தார். "கதவு எந்தப் பக்கங்க?"

"பசங்க பக்கம். கரும்பலகைகிட்ட."

"வாசப்படியில யாரு உட்காருவாங்க?"

"வாசப்படியில யாருய்யா உட்காருவாங்க?"

"யாரும் உட்காராத எடந்தானுங்க கேக்கறேன்."

ஹெட்மாஸ்டர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். காகிதத்தை ரிஜிஸ்டருக்குள் வைத்து மூடினார். முடியாது என்று சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று அப்பா பால் கறக்கும் முக்காலியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வந்தார். அதன் இரண்டு கால் உள்ளேயும் ஒரு கால் படியிலுமாக வைத்து, ஆடாமல் இருக்க ஒரு சில்லுக் கல்லைச் சொருகினார். பசங்கள் சிரித்தார்கள். வாத்தியார் என் வலப்பக்கம் நின்று வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினார். இடது தோளில் வெயில் அடித்தது. ஒரு சொல் விடாமல் கேட்டது.