மெடிக்கல் போகாத மாதங்கள்

தலைவலித் தைலம் வேண்டும் என்று உச்சிமாகாளி வாய் திறப்பதற்குள் மெடிக்கல் கடைக்காரர் பழைய மலையாளப் பத்திரிகையில் ஒரு தாளை உருவி மேசைமேல் விரித்துவிட்டார். அவன் வந்து நின்றாலே அவர் கை மேல்தட்டுக்குப் போய்ப் பழகியிருந்தது. நாப்கின் பாக்கெட்டை எடுப்பார், தாளில் சுற்றுவார், கறுப்புப் பையில் போட்டுப் பையின் வாயையும் முடிச்சுப் போட்டு நீட்டுவார். ஏதோ வெடிகுண்டு கைமாறுவதுபோல இரண்டு பேரும் வேறு எங்கேயாவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு உச்சிமாகாளி, அது வேண்டாம், தைலம் போதும் என்றான். கடைக்காரர் பாக்கெட்டைத் திரும்ப வைத்தார். வைத்தவர் ஒரு நிமிஷம் யோசித்து, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினார்.

"கொறச்சு மாசமாயிட்டு இது வாங்குந்நில்லல்லோ. எந்தா மாஸ்டரே, வீட்டில் விசேஷம் உண்டோ?"

உச்சிமாகாளியும் சிரித்துவைத்தான். தம்பானூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி வீட்டுச் சந்துக்குள் நுழையும்போது ஒரு பக்கமாக இருந்த தலைவலி இரண்டு பக்கமும் பரவியிருந்தது. கடைக்காரர் சொன்னது உண்மைதான். கலைச்செல்வி அவனை மெடிக்கலுக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. அவர்கள் வீட்டில் அதற்கென்று ஒரு பேச்சு உண்டு. காய்ச்சல் மாத்திரை வேண்டுமென்றால் மாத்திரை என்று பெயரைச் சொல்லுவாள். "வரும்போது மெடிக்கல் போயிட்டு வாங்க" என்று மொட்டையாகச் சொன்னால் அது அந்தப் பாக்கெட். கல்யாணமாகி ஆறு வருஷமாக மாதம் தவறாமல் கேட்ட அந்தப் பேச்சு நின்றுபோனதை ஒரு கடைக்காரர் சொல்லித்தான் அவன் கவனித்தான்.

பிள்ளைக்காக ஆறு வருஷம் காத்திருக்கிற வேறு எந்தப் புருஷனும் வழியிலேயே அல்வா வாங்கியிருப்பான். உச்சிமாகாளி அல்வாக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்திருந்தான். அதற்குக் காரணம் இந்தத் திருவனந்தபுரத்தில் அவனுக்கும் ஒரு டாக்டரம்மாவுக்கும் மட்டுமே தெரியும். போன வருஷம் கலைச்செல்விக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்து ஒரு குறையும் இல்லை என்றானபோது, அந்த அம்மா புருஷனை வரச் சொன்னாள். அவன் தனியாகத்தான் போனான். குறை அவனிடம்தான் இருக்கிறது, வைத்தியம் பார்க்கலாம், ஆனால் இயல்பாகப் பிள்ளை உண்டாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்று அவள் பாதித் தமிழில், அவன் மனசு நோகாமல் சொன்னாள். அவன் வீட்டுக்கு வந்து, "எனக்கும் ஒண்ணும் இல்லியாம், சாமி கண்ணு தொறக்கணும்" என்றான். கலைச்செல்வி நம்பினாள். வெள்ளிக்கிழமை விரதத்தை இன்னும் கூட்டிக்கொண்டாள். பணகுடியிலிருந்து அவன் அம்மா கொடுத்துவிடுகிற பச்சிலைப் பொடியை, குமட்டலோடு, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பார்க்கும்போது அவனுக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருக்கும். பிறகு அதுவும் பழகிவிட்டது.

உச்சிமாகாளி ஒரு தமிழ்ச் சைவ ஹோட்டலில் சரக்கு மாஸ்டர். சாம்பார், கூட்டு, பொரியல் எல்லாம் அவன் கைவேலை. ஆனால் முதலாளி அவனை விடாமல் வைத்திருப்பது அவன் கைக்காக இல்லை, மூக்குக்காக. எண்ணெய் டின்னைத் திறந்ததுமே எதில் எது கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். பருப்பு மூட்டையின் அடியில் கையை விட்டுத் துழாவாமல் இறக்க விடமாட்டான். பால்காரன் அவன் முகத்தைப் பார்த்து நடுங்குவான். இத்தனை சந்தேகத்தையும் அவன் ஹோட்டல் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது. இப்போது அது கூடவே வர ஆரம்பித்தது.

கலைச்செல்வி மாங்காய் ஊறுகாயை இரண்டாவது தடவை போட்டுக்கொண்டதைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அயர்ந்து தூங்கியதைப் பார்த்தான். சேலையை முன்னைவிடக் கொஞ்சம் மேலே கட்டுகிறாளோ என்று பார்த்தான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்பதுகூட அவனுக்குப் பயங்கரமான சாட்சியாகத் தெரிந்தது. உண்டாகியிருந்தால் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டியவள் ஏன் சொல்லவில்லை? அவளாகவே சொல்லட்டும் என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தான். அவள் இரண்டு தடவை, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள்.

ஒருநாள் ஹோட்டலில் கேஸ் தீர்ந்துபோய் மத்தியானமே அடுப்பை அணைத்தார்கள். அவன் சந்து முனைக்கு வந்தபோது எதிரே கலைச்செல்வி போய்க்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு தையல் யூனிட்டில் அவளுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்துபோவாள். ஆனால் அவள் திரும்பியது தையல் யூனிட் பக்கம் இல்லை. முனையில் இருக்கிற மூன்று மாடி லாட்ஜின் வெளிப்படியில் ஏறினாள். கையில் ஒரு துணிப்பை. உச்சிமாகாளி பெட்டிக்கடை நிழலில் ஒதுங்கி நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவள் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

அந்த லாட்ஜின் மேனேஜர் மகாராஜா வள்ளியூர்க்காரர். பொண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஆள் இங்கே ஒற்றை அறையில், எப்போதும் பவுடர் பூசி, சட்டைக் காலருக்கு மேல் கைக்குட்டை வைத்துக்கொண்டு இருப்பார். இத்தனை நாளும் உச்சிமாகாளி அவரோடு நின்று ஊர்க்கதை பேசியிருக்கிறான். அன்று சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றபோது அந்தப் பவுடர் வாசனையே அவனுக்கு ஆகவில்லை. பொதுவாகக் கேட்பதுபோல, வீட்டுக்காரி இந்தப் பக்கம் வந்தாளா என்று கேட்டான்.

"ஆமா மாஸ்டர், மொட்ட மாடில துணி காயப் போடணும்னு கேட்டாவ. மேல வெயிலு நல்லா அடிக்கும்லா. சாவியக் குடுத்தேன்."

இவ்வளவு மோசமான பொய்யை உச்சிமாகாளி கேட்டதே இல்லை. வீட்டு வாசலுக்கு முன்னாலேயே கொடி கட்டியிருக்கிறது. சேலையும் வேட்டியும் போர்வையும் வருஷம் முழுக்க அதில்தான் காய்கின்றன. அதை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி எவள் துணி காயப் போடுவாள்? பொய் சொல்ல நினைக்கிற மனுஷன் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மத்தியானம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தான். கலைச்செல்வி தட்டில் சோற்றைப் போட்டு மூடிவைத்துவிட்டு, அதே துணிப்பையோடு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"யாருது?"

"எது?"

"வயித்துல கெடக்கது. மூணு மாசமா நீ என்னைய மெடிக்கலுக்கு அனுப்பல. அந்த லாட்ஜுக்குப் போறதயும் பாத்தாச்சு. யாருதுட்டி அது?"

கலைச்செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பையைத் தலைகீழாகப் பிடித்துச் சிமெண்டுத் தரையில் கொட்டினாள். உள்ளங்கையைவிட நீளமான துணிப் பட்டைகள் ஐந்தாறு விழுந்தன. நாலைந்து மடிப்பு வைத்துத் தைத்து, இரண்டு பக்கமும் சின்னச் சிறகு விட்டு, நுனியில் பிரஸ் பட்டன் வைத்தவை. மேல்துணியில் ஊதாப்பூ. அலசிப் பிழிந்த ஈரமும் சோப்பு வாசனையுமாகக் கிடந்தன. ஒன்றின் நடுவில் மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகாத பழுப்புக் கறை. அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். சிக்குன்குனியா வந்து ஊரே முடங்கிக் கிடந்தபோது, தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று வீடுவீடாகப் பார்க்க வந்தவர்கள் இந்த லைன் வீட்டின் கக்கூஸ் தொட்டி நிரம்பி வழிவதைக் கண்டுபிடித்து மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் தங்கப்பனைச் சத்தம் போட்டார்கள். அவர் ஆள் கூட்டிவந்து தொட்டியைத் திறந்து கம்பு விட்டுத் துழாவியபோது, குழாயை அடைத்துக்கொண்டிருந்த நாப்கின்கள் ஒவ்வொன்றாக, ஊறிப்போன இட்லி மாதிரி வெளியே வந்தன. அவற்றை முற்றத்தில் பரப்பிப் போட்டார். நாலு வீட்டுப் பெண்களையும் வரிசையாக நிற்க வைத்து, ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்து யார் போட்டது என்று கேட்டார். கடைசி வீட்டு ஷிஜா அழுதுவிட்டாள். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. கலைச்செல்வியும் திறக்கவில்லை. அன்றையிலிருந்து தொட்டியில் போட முடியாது. குப்பை எடுக்க வருகிற பெண்களும் அதைத் தொடமாட்டேன் என்கிறார்கள். எரிக்க ஒரு சாண் மண் கிடையாது. மடியில் கட்டிக்கொண்டு ஓடைப் பக்கம் போய் எறிந்துவிட்டு ஓடி வந்திருக்கிறாள், திருட்டுப்பயல் மாதிரி. இதைப் போய்ப் புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டாள்.

அப்போதுதான் தையல் யூனிட்டுக்குக் கோவளத்திலிருந்து இந்தத் துணிப் பேடுகளுக்கு ஆர்டர் வந்தது. வெள்ளைக்காரிகள் வாங்குகிறார்களாம், துவைத்துத் துவைத்து வருஷக்கணக்கில் வைத்துக்கொள்கிறார்களாம். சூப்பர்வைசர் ரத்னாபாய் மிச்சத்துணியில் நீயும் தைத்துப் பார் என்றாள். கலைச்செல்வி முதலில் நம்பவில்லை. மெஷினில் உட்கார்ந்தபடியே நனைந்து எல்லார் முன்னாலும் மானம் போகும் என்று பயந்து முதல்நாள் இரண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஒரே நிபந்தனை, சுள்ளென்ற வெயிலில் காயவேண்டும், இல்லாவிட்டால் அரிக்கும், நாறும்.

"வாசல் கொடில போட்டிருக்கலாம்லா," என்றான் அவன்.

"ஒங்க அம்ம சொல்லியிருக்காவ. தீட்டுத்துணி நாலு பேரு கண்ணுல பட்டா, காக்கா நெழலு விழுந்தா, வயித்துல பிள்ள தங்காதுன்னு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ஆனா பிள்ளையில்லாதவ எதயும் நம்பாம இருக்க முடியாதுல்லா."

உச்சிமாகாளிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. இதற்குத்தானா என்று வாய்விட்டுச் சிரித்தான். நான் ஒரு மடையன் என்றான். மகாராஜாவின் பவுடரைச் சொல்லிச் சிரித்தான். குனிந்து ஒரு பட்டையைக் கையிலேயே எடுத்து, பட்டனை அமுக்கிப் பார்த்து, நல்லாத்தான் தைத்திருக்கிறாய் என்று பாராட்டினான். பசிக்கிறது, சோறு போடு என்றான். கலைச்செல்வி எழுந்திருக்கவில்லை.

"மாசமா இருக்கேன்னு நெனச்சிய," என்றாள்.

"தப்புதான். விடு."

"அது தப்பு இல்ல. ஆறு வருசமா அதத்தான சாமிகிட்ட கேட்டுக்கிட்டு கெடக்கோம். நெனச்சதும் ஒங்களுக்கு ஏன் சந்தோசம் வரல?"

நேற்று நீ லாட்ஜ் மாடிக்குப் போனதைப் பார்த்ததால்தான் என்று அவன் ஆரம்பித்தான். அவள் அவனைப் பேசவிட்டாள். அவன் முடிக்கும்வரை அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாடிக்குப் போனத நேத்துதான பாத்திய. நீங்க எம் மூஞ்சியப் பாத்துப் பேசி எத்தனயோ நாளாச்சு. ஒங்க மனசுல மொதல்ல யாருதுன்னு வந்துச்சு, பெறவுதான் மகாராஜா அண்ணாச்சி வந்தாவ."

அவன் தண்ணீர்ச் செம்பைத் தேடுவதுபோலத் திரும்பினான்.

"டாக்டரம்மா ஒங்ககிட்ட என்ன சொன்னா?"

போன வருஷம் அவ்வளவு சுலபமாக வந்த பொய் இப்போது வரவில்லை. சாமி கண் திறக்கணும் என்ற அதே வாக்கியத்தைச் சொல்ல வாயெடுத்தான், பாதியில் நின்றுவிட்டது. விரதமிருந்த வெள்ளிக்கிழமைகளும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த பொடியும், ஊர்க் கோயிலில் எல்லார் முன்னாலும் மாமியார் அவளை நிற்கவைத்துச் சொன்ன பேச்சுகளும் அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்துபோவதை உச்சிமாகாளி பார்த்தான். அவளுடைய காலைப் பிடித்து அவன் அழுதிருக்கலாம். அழத்தான் அவனுக்குத் தோன்றியது. ஆனால் அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கி, அவன் கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டு, கதவைத் திறந்து முற்றத்துக்குப் போனாள். வாசல் கொடியில் கிடந்த அவனுடைய வேட்டியை ஒரு ஓரமாக ஒதுக்கினாள். ஒவ்வொன்றையும் உதறி, பூவும் கறையும் தெரிய விரித்து, கிளிப் போட்டாள். மாடியில் காக்கா நிழல் விழாமல் மேலே மூட வழக்கமாகக் கொண்டுபோகும் மெல்லிய துண்டைக்கூட அவள் எடுக்கவில்லை. மாடிப்படியில் தலை சீவிக்கொண்டிருந்த தங்கப்பனின் மனைவி சீப்பைத் தலையிலேயே வைத்தபடி பார்த்தாள். ஷிஜா ஜன்னலைத் திறந்தாள். கலைச்செல்வி யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, கை கழுவி, மூடி வைத்திருந்த தட்டை எடுத்துச் சாப்பிட உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு அவன் ஹோட்டலில் இருக்க வேண்டும். சாயங்காலச் சாம்பாருக்குப் பருப்பு வேகப்போட அவன்தான் போகவேண்டும். கொடி வாசலுக்குக் குறுக்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, ஆள் உயரத்துக்குச் சற்றுத் தாழ்வாகக் கட்டியிருந்தது. தெருவுக்கு வேறு வழி இல்லை. அவன் ஊரில் பெண்பிள்ளைகள் துணி காயும் கொடிக்கு அடியில் ஆம்பிளை நுழைந்து போகமாட்டான், விலக்கிவிட்டுத்தான் போவான். உச்சிமாகாளி நிலைப்படியில் வந்து நின்றான். அந்த ஈரத்துணிகளை ஒதுக்கக் கையை உயர்த்தினான். உள்ளே கலைச்செல்வி சோற்றைப் பிசைவதை நிறுத்துவது கேட்டது. அவன் கையை இறக்கிக்கொண்டான். துணிகளிலிருந்து தண்ணீர் சொட்டி, அவன் கால் வைக்க வேண்டிய இடமெல்லாம் நனைந்துகொண்டிருந்தது.