கலாவதி பூட்ஸ் வாங்கிய சனிக்கிழமை

1

இந்தக் கதையில் உண்மை என்று ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது.

"ரெண்டு சைஸ் பெருசாவே எடு கலா, உள்ள கம்பளி சாக்ஸ் போடோணுமல்ல?"

எடிசன் என்ற அமெரிக்க ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடை. 2001 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மதியம். கையுறை வாங்கப் போன என் காதில் இது விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். நாற்பதை நெருங்கும் ஒருவர், அம்மி போலக் கனத்த ஸ்னோபோர்டு பூட்ஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, அவரைப் பார்த்த பார்வையில் முப்பது சதவிகிதம் எரிச்சல், மிச்சமெல்லாம் பிரியம். அந்தப் பார்வைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. (பெயர்கூட கலா இல்லை. வேறு என்னவோ சொன்னார், மறந்துவிட்டது.) நான் ஸ்னோபோர்டு பக்கம் போனவனும் இல்லை. ஒரே பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொண்டு பனிச்சரிவில் வழுக்கி இறங்குவதை, பக்கத்து உணவகத்துக் கண்ணாடிக்குள் உட்கார்ந்து சூடான சாக்லேட் குடித்தபடி பார்த்ததோடு சரி.

2

முதல் தொடக்கம்: "பனி பொழிந்துகொண்டிருந்தது." அடித்துவிட்டேன். இங்கிருந்து எழுதப்படும் தமிழ்க் கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. என்னுடையதே மூன்று தேறும்.

இரண்டாவது: "வெள்ளியங்கிரி ஒரு கருமி." இதுவும் பொய். இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிறவன் கருமி என்றால் நம்மில் யாருமே தப்ப முடியாது.*

மூன்றாவது: "வெள்ளியங்கிரிக்கு மனைவியிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. சொல்லவில்லை." இது நிற்கும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

* 'வளர்ற புள்ளை' என்று தொளதொளவென்று தைத்த பள்ளிச் சட்டையில் வளர்ந்தவர்கள் நாம். எடிசனின் முதல் குளிர்காலம் வேறு, ஷூவுக்குள் இரண்டு ஜோடி சாக்ஸ் போட இடம் வேண்டும் என்று கற்றுக்கொடுத்துவிட்டது. ஆக, பெரிய சைஸ் என்பது வெள்ளியங்கிரிக்கு வெறும் அபிப்பிராயம் இல்லை, ஆகம விதி.

3

வெள்ளியங்கிரிக்கு உடுமலைப்பேட்டை. ஒரு கன்சல்டிங் கம்பெனியில் புரோகிராமர். மனைவி கலாவதி ஊரில் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளராக இருந்தவள். இங்கே வந்தபின் அவளுடைய விசாவில் வேலைக்குப் போக வழியில்லை. மூன்று வருடமாக வீடு, சமையல், மகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது. (மகள் தென்றலுக்கு எட்டு வயது. இன்று அவளை ஒரு பிறந்தநாள் விழாவுக்கு அனுப்பிவிட்டேன். அவள் இருந்தால் வெள்ளியங்கிரியின் முகத்தைப் பார்த்தே, "அப்பா, வாட் ஹாப்பன்ட்?" என்று கேட்டுக் கதையை முடித்துவிடுவாள்.)

அந்தக் குளிர்காலத்தில், செவ்வாய்க்கிழமைதோறும் பென்சில்வேனியா மலைக்கு ஸ்னோபோர்டு பழகும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் பஸ்ஸில் ஒரு இடம் காலி என்று அடுத்த வீட்டம்மாள் சொன்னார். கலாவதி சும்மா வேடிக்கை பார்க்கப் போனாள். சாயங்காலம் முழங்காலெல்லாம் ஈரமாக, முகமெல்லாம் சிவந்து திரும்பி வந்தாள்.

"விழுந்தேனுங்க. எண்ண முடியாத அளவுக்கு விழுந்தேன்."

"அப்புறம் எதுக்கு சிரிக்கறே?"

"இந்த ஊருக்கு வந்து நானா விழுந்து நானா எந்திரிச்சது அங்க மட்டுந்தானுங்க."

அதன்பிறகு ஒரு செவ்வாயைக்கூட விடவில்லை. வாடகை பூட்ஸ் தொளதொளத்து ஒரு கால் நகம் கறுத்துப்போனது. சொந்தமாக ஒரு ஜோடி வேண்டும் என்று இந்தச் சனிக்கிழமை கடைக்கு வந்திருக்கிறாள்.

அவளுக்குத் தெரியாதது இது. வியாழக்கிழமை அவள் கணவன் டெக்சாஸுக்குச் சரி என்று சொல்லிவிட்டான். இர்விங்கில் ஒரு பிராஜெக்ட், மார்ச்சில் சேர வேண்டும். மறுத்தால் பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார வேண்டிவரும். அந்த மாதங்களில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நேரே ஊர் திரும்பும் விமானத்தில் போய் உட்கார்ந்தார்கள். அதோடு, அங்கிருந்து விண்ணப்பம் போட்டால் கிரீன் கார்டு வேலை சீக்கிரம் நகரும் என்றார்கள். அது நகர்ந்தால் கலாவதி வேலைக்குப் போகலாம், மறுபடியும் சோதனைக்குழாயைத் தொடலாம். அவளுக்காகத்தான் சரி சொன்னான். அவளைத்தான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கையெழுத்து.

இர்விங்கில் இருக்கும் சிநேகிதன் வேலுமணி போனில் குதூகலமாகச் சொன்னான்: "வா மாப்ள! இங்க பனின்னு பேச்சே கெடையாது. ஒரு ஜெர்கின் போதும், வருஷம் ஓடிடும்."

4

இனி கடைக்குப் போவோம். என் சந்தேகம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: இப்படி ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பூட்ஸ் கடைக்கு வருவானா? வருவான். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே.

"வாடகைக்கே எடுத்துக்கலாமே கலா? சீசன் முடியப் போகுது."

"அடுத்த சீசன் வராதுங்களா?"

வெள்ளியங்கிரி பக்கத்தில் இருந்த பூட்ஸ் ஒன்றைத் தூக்கிப் பிடித்தான். அடுத்த ஆயுதத்தை எடுத்தான். அதுதான் நான் கேட்ட வாக்கியம், அந்த இரண்டு சைஸ்.

"அய்யோ, அந்தத் தப்பப் பண்ணித்தான நகம் போச்சு! பெருசா எடுத்தா உள்ள கால் ஆடும். இதுக்கு மெலிசா ஒரே ஒரு சாக்ஸ்தான். நேரா நின்னா கட்டைவிரல் நுனி லேசா முட்டோணும். முட்டிய மடக்கினா விரல் பின்னால போயிரோணும்." போட்டுக் காட்டினாள். முழங்காலை மடக்கி, கைகளை விரித்து, கடை நடுவே சரிவில் நிற்பவளைப் போல நின்றாள். "இப்ப பாருங்க, குதிகால் எந்திரிக்குதா?"

வெள்ளியங்கிரி குனிந்து பார்த்தான். குதிகால் எழும்பவில்லை. அவளுடைய

(அவளுடைய கணுக்காலைப் பற்றி இங்கே ஒரு வாக்கியம் எழுதினேன். வேண்டாம். பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவன், கணுக்காலைப் பார்த்துக் கவிதை யோசிக்கிற மனநிலையில் இல்லை.)

"இறுக்கமா இருக்கே? கடிக்காதா?"

"புதுசுல அப்படித்தானிருக்கும். உள்ள இருக்கற மெத்தை போடப் போட அமுங்கி, நம்ம காலுக்கு ஏத்தாப்பல ஆயிரும். இப்பவே தளர்ச்சியா எடுத்தா அப்புறம் தொளதொளன்னு போயிரும்."

அடுத்து விறைப்பு. அலமாரியில் ஒரு கறுப்பு பூட்ஸ். வெள்ளியங்கிரி அதை இரண்டு கையாலும் அழுத்தினான். சுரைக்காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பவனைப் போல நகத்தாலும் குத்திப் பார்த்தான். அசையவில்லை.

"இதுதான் பொருள்! கல்லு மாதிரி இருக்கு."

"கல்லுதான். இது பந்தயத்துக்குப் போறவங்களுக்கு. நான் இன்னும் விழுந்து எந்திரிக்கறவ. கால் கொஞ்சம் வளையோணும், இல்லைன்னா பலகை சொன்ன பேச்சு கேக்காது." சாம்பல் நிறத்தில் ஒன்றைப் போட்டு, முன்னால் சாய்ந்து பார்த்தாள். அது அவளோடு சேர்ந்து வளைந்தது, நிமிர்ந்தபோது தானும் நிமிர்ந்தது. "இது சரி."

அடிப்பாகம் ஒட்டிய இடத்தை விரலால் தடவினாள். தையலைப் பார்த்தாள். கயிறு மாட்டும் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஊரில் புடவைக் கரையைக்கூட அவள் இத்தனை அக்கறையாகப் பார்த்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கடைக்காரப் பெண் வந்து வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். அப்போதுதான் வெள்ளியங்கிரியின் வாய், எஜமானனைக் கேட்காமல் வேலை பார்த்தது.

"எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டான்.

பூனையை மடியில் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதைதான். மார்ச்சில் டெக்சாஸ் போகிறவன், பிப்ரவரியில் பூட்ஸின் ஆயுளைக் கேட்கிறான். என்ன செய்வது, குக்கர் ஆனாலும் கார் ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவன் எதையும் வாங்கியதில்லை. ஒழுங்காக உலர்த்தி வைத்தால் நாலைந்து குளிர்காலம் தாராளமாக வரும் என்றாள் அந்தப் பெண்.

"நாலஞ்சு வருஷம்!" கலாவதி அவனைப் பார்த்துச் சிரித்தாள். "அதுக்குள்ள நான் பெரிய மலைக்கே போயிருவேன்."

5

சத்தியமாக இங்கேயே அவனைச் சொல்ல வைத்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் கலாவதி இன்னொரு ஜோடியை எடுத்துவிட்டாள்.

"உக்காருங்க."

"எதுக்கு?"

"சும்மா. போட்டுப் பாருங்க."

அவள் மண்டியிட்டு அவன் காலை பூட்ஸுக்குள் செருகினாள். உள்கயிற்றை இழுத்தாள், வெளிக்கயிற்றைக் கொக்கி கொக்கியாக மாட்டி இறுக்கினாள். அவனுக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் பார்த்தான். (என்னைத்தான் பார்த்தான். நான் கையுறைகளை ஆராய்வதுபோல் திரும்பிக்கொண்டேன்.)

"எந்திரிச்சு நில்லுங்க. குதிகால் தூக்குதா?"

"இல்ல."

"அடுத்த விண்டர் நீங்களும் வர்றீங்க. நான் சொல்லித் தர்றேன். பயப்படாதீங்க, கையப் புடிச்சுக்குவேன்."

வெள்ளியங்கிரிக்குக் கண் கலங்கியது. அதை நான் ஒளித்து எழுதப் போவதில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு வழி காட்டுகிறவன் தான் என்றே நினைத்திருந்தான். விமான நிலையத்தில் அவன் முன்னால், அவள் பின்னால். இங்கே வந்தபின் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, பேங்க் கணக்கு திறந்தது, எல்லாம் அவன். முதல் தடவையாக அவள் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதை அவனுக்குத் தருகிறேன் என்கிறாள். அதை வாங்கிக்கொள்ளத்தான் அவன் ஆசைப்பட்டான்.

"உனக்கு இருக்கறதுலயே நல்லதா எடுத்துக்க. விலையப் பாக்காத."

"என்னாச்சு இன்னிக்கு? பனியும் இல்லாம மழையுமில்லாம தங்கக் கட்டியே கொட்டப் போகுது," என்றாள் கலாவதி. சாம்பல் நிற ஜோடியைத்தான் எடுத்துக்கொண்டாள்.

6

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன், கூச்சப்படாமல் புரட்டிப் பாருங்கள்.

அ. காரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது சொல்கிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். விளக்கு பச்சையாகிறது. பின்னால் ஹாரன். (சினிமா. ஹாரன் அடிக்கிறவன் நான்தான் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.)

ஆ. அவளுக்கு எல்லாம் முன்பே தெரியும். "எனக்குத் தெரியுமுங்க," என்று புன்னகைக்கிறாள். கதைகளில் வரும் மனைவிகளுக்கு எப்போதும் முன்பே தெரிந்திருக்கிறது. கணவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை, சொல்லும் சிரமம்கூட மிச்சம். கண்டிப்பாகச் சொல்கிறேன்: கலாவதிக்குத் தெரியாது. வெள்ளியங்கிரிக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியாது. அதுதான் இந்தக் கதையின் அசிங்கம்.

இ. அவன் திங்கட்கிழமை போய் டெக்சாஸ் வேண்டாம் என்கிறான். தியாகம். அவளிடம் அதையும் சொல்வதில்லை. எழுதும்போது எனக்கே கண்ணீர் வந்தது. மறுநாள் காலை படித்தபோது, அவளைக் கேட்காமல் எடுத்த இரண்டாவது முடிவு இது என்பது உறைத்தது.

7

ஆகவே நடந்தது இது. (நடந்தது என்கிறேன், பாருங்கள்.)

வீட்டுக்குள் செருப்போடு யாரும் வரக்கூடாது என்பது கலாவதியின் சட்டம். ஆனால் கடையிலிருந்து வந்த புது பூட்ஸ் இன்னும் தெருவை மிதிக்கவில்லை, அதனால் செருப்புக் கணக்கில் வராது. மெத்தை காலுக்குப் பழக வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டே அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்தாள். பூட்ஸோடு ரவை வறுத்தாள். கீழ்வீட்டில் கூரையைத் தட்டினார்கள். "சாரி!" என்று தரையைப் பார்த்துக் கத்திவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

வெள்ளியங்கிரி டிவியை அணைத்தான்.

"கலா. அடுப்பை அணைச்சுட்டு வா."

வந்தாள்.

"வியாழக்கிழமை ஒண்ணுக்கு சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். டெக்சாஸ். இர்விங்ல பிராஜெக்ட், மார்ச்ல போகோணும். கிரீன் கார்டு சீக்கிரம் வரும், நீ வேலைக்குப் போலாம்னு நெனச்சேன். உன்னையக் கேக்காமயே சொல்லிட்டேன். திங்கக்கிழமை கையெழுத்துப் போடோணும். இன்னும் போடலை." அவள் காலிலிருந்த பூட்ஸைப் பார்த்தான். "அங்க பனி கெடையாது."

கலாவதி ஹால் நடுவில் நின்றாள். கையில் கரண்டி.

இங்கே அவள் பதிலை எழுதினேன். ஒன்றில் அழுதாள். ஒன்றில் பூட்ஸைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். ஒன்றில், "போலாமுங்க, வேலை பெருசில்லையா," என்றாள். ஒன்றில், "நீங்க போங்க, நான் இந்த சீசன் முடிச்சுட்டு வர்றேன்," என்றாள். அந்தக் கடைசி பதில் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாமே அவள் நன்மையை உத்தேசித்து நான் யோசித்தவை.

எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். சரி, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்றால், நீங்களும் நல்லவர்களாகத்தான் இருப்பீர்கள். இந்நேரம் அவளுக்காக நல்லதாக ஒன்றை முடிவு செய்து வைத்திருப்பீர்கள்.

கலாவதி சோபாவில் உட்கார்ந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை.

"மொதல்ல இருந்து சொல்லுங்க," என்றாள். "அப்புறம் நான் பேசறேன்."

திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அவள் பேசி முடிக்கும்வரை வெள்ளியங்கிரி, நான், நீங்கள், மூன்று பேரும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்போம்.